வாய்ப்பூட்டின் வரலாறு

1878-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள், கல்கத்தாவில் கூடிய வைசிராய் லிட்டன் பிரபுவின் சட்டமன்றம், ஒரே அமர்வில் ஒரு சட்டத்தைக் கொணர்ந்து அதே அமர்வில் நிறைவேற்றியும் முடித்தது. இந்திய மொழிகளில் வெளிவரும் ஏடுகளை அடக்குவதற்கென்றே பிறந்த சட்டம் அது. ஆங்கில ஏடுகளை அது தீண்டாது. தாய்மொழியில் எழுதுவோரை மட்டுமே தீண்டும். அச்சிடுவோரிடமும் வெளியிடுவோரிடமும் உறுதிமுறி எழுதி வாங்கலாம், பிணைத்தொகை கேட்கலாம், மீறியதாகக் கருதினால் அச்சுப்பொறியையே பறிமுதல் செய்யலாம், எதிர்த்து வழக்குமன்றத்தின் கதவைத் தட்டவும் இடமில்லை. மக்கள் அதற்கு வாய்ப்பூட்டுச் சட்டம் என்று பெயரிட்டனர். வங்கமும் ஆங்கிலமும் கலந்து வெளிவந்த 'அமிர்த பஜார் பத்திரிகா' என்னும் ஏடு, பூட்டினின்று தப்புவதற்காகத் திடீரென முழு ஆங்கில ஏடாக மாறிற்று! எதிர்ப்பு வலுத்தது. நான்காண்டு நிறையுமுன், ரிப்பன் பிரபுவின் காலத்தில், சட்டம் நீக்கப்பட்டது.

பூட்டு போயிற்று, பூட்டும் பழக்கம் போகவில்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அப்பழக்கம் ஏட்டிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து திரைக்கும், திரையிலிருந்து இணையத்துக்கும் நடந்து வந்திருக்கிறது. இந்த நெடும்பயணத்தை நாம் திரும்பிப் பார்க்க விழைவது, பழங்கதை பேசிப் பொழுதுபோக்க அன்று. அன்றைய பூட்டுக்கும் இன்றைய பூட்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. அன்று பூட்டியவன், தன் பெயரை எழுதிப் பூட்டினான். பூட்டப்பட்டவனுக்கு, யார் பூட்டினார், எந்தச் சட்டத்தால் பூட்டினார் என்பது தெரியும். இன்று இணையத்தில் விழும் பூட்டுக்கு முகமும் இல்லை. கையொப்பமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வரலாறு நமக்குக் காட்டும் பேராபத்து இதுவே என்பது நம் கருத்து. அதனை ஆண்டுவாரியாக எண்ணிப் பார்ப்போம்.

வெள்ளையர் காலத்துப் பூட்டு

அச்சுப்பொறி தோன்றிய நாள் முதலே ஆள்வோர்க்கு அதன்மீது அச்சம் தோன்றிவிட்டது. இங்கிலாந்தில் 1643-இல் பாராளுமன்றம், முன் அனுமதியின்றி எதுவும் அச்சாகலாகாது என்று ஆணையிட்டது. அதற்கு மறு ஆண்டே, 1644-இல், கவிஞர் மில்டன் அவ்வாணையைக் கண்டித்து நூல் எழுதினார். அனுமதி பெறாமலே அச்சிட்டார்! முன் அனுமதி முறை அங்கு 1695-இல் ஒழிந்தது. தன் மண்ணில் ஒழித்ததை வேற்று மண்ணில் வளர்ப்பது ஏகாதிபத்தியத்தின் இயல்பு. எனவே இங்கே சட்டத்தின்மேல் சட்டம் வந்தது. 1870-இல் அரசவெறுப்புக் குற்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124-ஏ பிரிவாகப் புகுந்தது, 1876-இல் நாடகச் சட்டம், 1878-இல் வாய்ப்பூட்டு, 1910-இல் பிணைத்தொகை கேட்கும் பத்திரிகைச் சட்டம்.

தமிழகத்தின் கதையைக் கேளுங்கள். பாரதியார் எழுதிய 'இந்தியா' ஏடு 1908-இல் அடக்குமுறைக்கு ஆளாகிப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. அங்கே சென்று பூட்ட இயலாத பிரிட்டிஷ் ஆட்சி, ஏடு எல்லைக்குள் நுழையும் வழியைப் பூட்டிற்று. அச்சாகலாம், ஆனால் படிப்பவன் கைக்கு வந்து சேராது! 1910-இல் ஏடு நின்றது. எழுதுகிறவனைத் தொடாமலே, எழுத்து செல்லும் பாதையை அடைக்கும் இந்த உத்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நூறாண்டு கழிந்து இதே உத்தி வேறு வேடத்தில் வரப்போகிறது.

1933 அக்டோபர் 29-இல் 'குடி அரசு' ஏட்டில் இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழியவேண்டும் என்று கேட்டு வெளிவந்த தலையங்கத்திற்காகப் பெரியார்மீது வழக்குத் தொடுத்தனர். வெளியிட்டவர் என்ற முறையில் அவர்தம் தங்கை கண்ணம்மாளும் குற்றவாளிக் கூண்டில் நின்றார். 1934-இல் இருவருக்கும் சிறை. 'குடி அரசு' நின்றபொழுது 'புரட்சி' தோன்றியது. 'புரட்சி'க்கு இடர் வந்தபொழுது 'பகுத்தறிவு' தோன்றியது. ஒரு கதவு சாத்தப்பட்டது ஊருக்குத் தெரிந்ததால்தான், மறு கதவு எங்கே திறந்திருக்கிறது என்று வாசகர்கள் தேடி வந்தனர்.

குடியரசில் கிடைத்த இரு சொற்றொடர்கள்

வெள்ளையர் சென்றனர். 1950 ஜனவரி 26-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 19-ஆம் விதி, குடிமகனுக்குப் பேச்சுரிமையும் கருத்துரிமையும் உண்டென்று முழங்கிற்று. முழக்கம் அடங்குமுன், ஐந்து வாரத்திற்குள், 1950 மார்ச்சு 1-ஆம் நாள், சென்னை மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் இடதுசாரிக் கிழமை ஏடு, சென்னை மாநிலத்துக்குள் நுழையவோ வழங்கப்படவோ கூடாது என்பது அவ்வாணை. 'இந்தியா' ஏட்டுக்கு வெள்ளையன் செய்ததையே இவர்களும் செய்தனர். ஆயினும் ஒன்றை மறைக்கவில்லை. ஆணைக்கு எண் இருந்தது, நாள் இருந்தது, 'புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்'டில் அது வெளியாயிற்று.

வெளியானதால்தான் தாப்பர் அதனைக் கையில் ஏந்தி உச்சநீதிமன்றம் சென்றார். அதே ஆண்டு மே 26-இல் தீர்ப்பு வந்தது. தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். பொது ஒழுங்கு என்னும் பரந்த காரணத்தைக் காட்டிப் பேச்சுரிமையைப் பறிக்க அரசியல் சட்டம் இடந்தரவில்லை என்று கூறித் தடையைத் தள்ளினார்.

தோற்ற அரசு என்ன செய்தது? சட்டத்தையே திருத்திற்று. 1951 ஜூனில் வந்த முதல் திருத்தம், கருத்துரிமைக்கு வரம்பிடும் காரணங்களுள் 'பொது ஒழுங்கு' என்பதைச் சேர்த்தது. அயல்நாடுகளுடனான நட்புறவையும் சேர்த்தது. வரம்பு நியாயமானதாக இருக்கவேண்டும் என்ற சொல்லையும் கூடவே சேர்த்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அடுத்தது 1963. அவ்வாண்டு வந்த பதினாறாவது திருத்தம், 'இந்தியாவின் இறைமையும் ஒருமைப்பாடும்' என்னும் சொற்றொடரை அதே வரம்புப் பட்டியலில் பதித்தது. யாரை மனத்தில் வைத்துப் பதித்தனர் என்பதைத் தமிழகத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கை எழுந்து நின்ற காலம் அது. அம்மசோதாவை எதிர்த்து மாநிலங்களவையில் அண்ணா பேசியது 1963 ஜனவரியில். கோரிக்கை அவ்வாண்டே கைவிடப்பட்டது. சொற்றொடரோ சட்டத்தில் தங்கிவிட்டது. சட்டத்தில் தங்கிய சொல், யாருக்காக வந்ததோ அவரோடு நிற்பதில்லை. பின்னால் வரும் எவர்மீதும் பாய அது காத்துக் கிடக்கும்.

ஆக, சென்னை மாநிலம் போட்ட ஒரு தடையால் 'பொது ஒழுங்கு' வந்தது; சென்னை மாநிலத்து இயக்கம் ஒன்றை அடக்க 'இறைமையும் ஒருமைப்பாடும்' வந்தது. இன்று டில்லியில் அமர்ந்து இணையதளங்களை அடைக்கும் அதிகாரி எடுத்துப் பேசும் சொற்கள் இவையே. அவை பிறந்த கதை நம் மண்ணின் கதை!

நம்மவர் இட்ட பூட்டுகள்

பூட்டியவர்கள் அனைவரும் அயலவர் என்று எண்ணிவிடலாகாது. 1950-இல் 'ஆரிய மாயை' நூலுக்காக அண்ணாவுக்குத் தண்டம் விதித்தது சுதந்திர நாட்டு நீதிமன்றம். தண்டம் கட்ட மறுத்துச் சிறை சென்றார் அவர். 1954-இல் நாடகத்தை முன்கூட்டித் தணிக்கை செய்யும் சட்டத்தை இயற்றியது சென்னைச் சட்டமன்றம், நடிகவேள் எம்.ஆர். இராதாவின் மேடைதான் குறி என்பது அன்று தெருவறிந்த செய்தி. அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லா என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியது 2013-இல். எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கு அது. அரைநூற்றாண்டுக்கு மேல் அந்தப் பூட்டு தொங்கிற்று!

1975-இல் நெருக்கடிநிலை. ஏடுகள் தணிக்கைக்கு உட்பட்டன. 1976 ஜனவரி 31-இல் தமிழக ஆட்சி கலைக்கப்பட்டபின், கைதானோர் பெயர்களை வெளியிடவும் தடை. பிப்ரவரி 3, அண்ணா நினைவுநாள். நினைவிடத்திற்கு மலர் வைக்க வர இயலாதோர் என்று 'முரசொலி' ஒரு பெயர்ப்பட்டியலை வெளியிட்டது. படித்தோர் புரிந்துகொண்டனர்; கைதானோர் பட்டியல் அது. தணிக்கை இருக்கிறது என்பது தெரிந்திருந்ததால் எழுதியவரும் குறிப்பால் உணர்த்தினார். படித்தவரும் குறிப்பறிந்து படித்தார்.

1987-இல் 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் பழித்ததாகக் கருதிய தமிழகச் சட்டமன்றம், ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் கண்டனம் எழ, சில நாளில் அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் வழக்குத் தொடுத்து வென்றார்; இழப்பீடாக ஆயிரம் ரூபாய் பெற்றார். தொகை சிறிது, தீர்ப்பு பெரிது. இங்கும் பாருங்கள்: தண்டித்தது யார்? சட்டமன்றம். எங்கே? பட்டப்பகலில், அவைக்குறிப்பில் பதிவாகி. ஆதலால் அதனை எதிர்க்க முடிந்தது.

முகமற்ற பூட்டு

இனி இணையத்துக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. 2008-இல் அது திருத்தப்பட்டது. திருத்தத்தில் பிறந்த பிரிவுகள் இரண்டு: 66-ஏ, 69-ஏ.

முதலாவது, எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே மூன்றாண்டுச் சிறை என்றது. 2012-இல் புதுச்சேரியில் சிறுதொழில் நடத்தும் ஒருவர், அன்றைய நடுவண் நிதியமைச்சரின் மகனைப்பற்றி டுவிட்டரில் எழுதிய சில சொற்களுக்காகக் கைதானார். அவருடைய எழுத்தைத் தொடர்ந்து படித்தவர் அப்பொழுது பதினாறு பேர் என்று ஏடுகள் எழுதின. பதினாறு பேர் படித்த வரிக்குப் போலீசு! 2015 மார்ச்சு 24-இல், ஷ்ரேயா சிங்கால் வழக்கில், உச்சநீதிமன்றம் 66-ஏ பிரிவை அடியோடு நீக்கிற்று.

ஆனால் 69-ஏ நின்றது. நாட்டின் இறைமை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு ஆகிய காரணங்களால் எந்த இணையப் பக்கத்தையும் பொதுமக்கள் காணாதபடி அடைக்கச் சொல்ல நடுவண் அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. 1951-உம் 1963-உம் ஒரே வரியில் கூடி நிற்பதைக் காண்கிறீர்கள் அல்லவா? அரசு ஆணையிடும், இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் அந்த முகவரிக்குச் செல்லும் வழியை அடைக்கும். எழுதியவர் வீட்டில் எழுத்து அப்படியே இருக்கும். படிப்பவர் கைப்பேசியில் பக்கம் திறக்காது. புதுச்சேரி எல்லையில் 'இந்தியா'வை மறித்த அதே உத்தி!

உச்சநீதிமன்றம் 69-ஏ பிரிவை ஏன் விட்டுவைத்தது? காரணங்கள் எழுத்தில் பதியப்படவேண்டும். பதிந்தால், பாதிக்கப்பட்டவர் அவற்றை எதிர்த்து உயர்நீதிமன்றம் செல்லலாம் என்ற நம்பிக்கையே அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. ஆனால் 2009-இல் இதற்கென வகுக்கப்பட்ட விதிகளுள் 16-ஆவது என்ன சொல்கிறது? வந்த கோரிக்கையும் எடுத்த நடவடிக்கையும் கண்டிப்பாக இரகசியமாக வைக்கப்படவேண்டும் என்கிறது. காரணம் இருக்கிறது, ஆனால் பெட்டிக்குள் இருக்கிறது. வழக்குமன்றம் இருக்கிறது, ஆனால் கையில் கொண்டுசெல்ல ஆணை இல்லை. 1878-இன் சட்டம் வழக்குமன்றத்தின் கதவை மூடிற்று. 2009-இன் விதி, கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கதவுக்குச் செல்லும் வழியை இருட்டாக்கிற்று.

இருட்டில் பூட்டினால் அளவும் தவறும். 2003-இல் யாஹூ குழுமங்களுள் ஒரேயொரு குழுமத்தை அடைக்கச் சொன்னார்கள். அதனை மட்டும் அடைக்க வகையறியாத நிறுவனங்கள், குழுமங்கள் அனைத்தையுமே அடைத்தன. 2012-இல் '3' என்னும் தமிழ்த் திரைப்படத்தைத் திருட்டுத்தனமாகப் பரப்பலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடையாணை தந்தது. அதனைக் காட்டி, அப்படத்தோடு தொடர்பே இல்லாத காணொளித்தளங்களும் அடைபட்டன. குறிப்பிட்ட பக்கங்களுக்கே ஆணை பொருந்தும் என்று பின்னர் நீதிமன்றம் தெளிவாக்க வேண்டியதாயிற்று. 69-ஏ பிரிவின்கீழ் அடைக்கப்பட்ட முகவரிகள், அரசே பாராளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, 2018-இல் 2,799, 2020-இல் 9,849. எண்ணிக்கை தெரிகிறது. எவை என்பது தெரிவதில்லை.

1987-இல் தண்டிக்கப்பட்ட அதே 'விகடன்' 2025-இல் மீண்டும் வரலாற்றுக்குள் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில், அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டுப் போர் விமானத்தில் திருப்பி அனுப்பிற்று. அதனையொட்டி, பிரதமர் விலங்குடன் அமெரிக்க அதிபர் அருகே அமர்ந்திருப்பதுபோல் 'விகடன் பிளஸ்' இணைய இதழ் கேலிச்சித்திரம் வெளியிட்டது. பிப்ரவரி 15 மாலை, விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. தடை என்ற சொல் ஊரெங்கும் உலவிற்று. தடைக்குக் காரணம் கூறும் ஆணை மட்டும் இதழின் கையில் இல்லை. விளக்கம் கேட்கும் அழைப்பு, பக்கம் இருண்ட பிறகே வந்தது. தண்டனை முன்னே, விசாரணை பின்னே! ஒரு கேலிச்சித்திரத்திற்காக, நூறாண்டை நெருங்கிய ஒரு நிறுவனத்தின் செய்திகள் அனைத்தும் மறைந்தன. மார்ச்சு 6-இல் சென்னை உயர்நீதிமன்றம், அந்தச் சித்திரத்தை இப்போதைக்கு நீக்கிவிட்டால் தளத்தைத் திறக்கவேண்டும் என்று இடைக்கால ஆணை வழங்கிற்று.

1987-ஐயும் 2025-ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதில் ஆசிரியர் சிறை சென்றார். பின்னதில் எவரும் சிறை செல்லவில்லை. பின்னது மென்மையானது என்று தோன்றும். ஆனால் முன்னதில், அச்சான அந்த இதழ் கடைகளில் தொங்கிற்று. வாசகன் தானே படித்துத் தானே முடிவு செய்தான். பின்னதில் வாசகனின் கண்ணையே கட்டினர். சிறைபட்டது எழுத்தாளனா, வாசகனா?

ஊரையே இருட்டாக்கும் பூட்டு

ஒரு பக்கத்தை அடைப்பதோடு நிற்கவில்லை. மாவட்டத்தையே அடைக்கும் முறையும் வந்தது. 2018 மே 22-இல் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில், போலீசார் சுட்டனர். துப்பாக்கிச்சூட்டில் மாண்டோர் பதின்மூவர். மறுநாள், வதந்தியைத் தடுப்பதற்கென்று கூறி, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தியது மாநில அரசு. தம் ஊரில் யார் மாண்டார், யார் மருத்துவமனையில் கிடக்கிறார் என்று மக்கள் தவித்த வேளை அது! வதந்தி எப்பொழுது வளரும்? செய்தி வராதபொழுது. பின்னர் அமைந்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில், துப்பாக்கிச்சூட்டைத் தூண்டும் நிலை இருக்கவில்லை என்றது. சுட்டது குறித்து உண்மை வெளிவர நான்காண்டு ஆயிற்று. மக்கள் வாயை மூட ஒரு நாள் போதுமாயிருந்தது.

காசுமீரத்தில் 2019 ஆகஸ்டில் நின்ற இணையம், விரைவு இணைப்பாக முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். பதினெட்டு மாதம்! அதன் நடுவே, 2020 ஜனவரி 10-இல், அனுராதா பசின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது: இணையம் வழியே பேசும் உரிமை 19-ஆம் விதியின் காப்புக்கு உட்பட்டது; காலவரையின்றி நிறுத்தலாகாது; நிறுத்தும் ஆணைகளை வெளியிடவேண்டும். வெளியிடவேண்டும் என்ற அந்தச் சொல்லே நமக்குக் கிடைத்த கருவி. ஊரை நிறுத்தும் ஆணை வெளியாகவேண்டும் என்றால், ஒரு பக்கத்தை நிறுத்தும் ஆணை மட்டும் ஏன் ஒளிந்திருக்கவேண்டும்?

"வதந்தி உயிரைக் குடிக்கிறதே!" என்று கேட்பர். உண்மை. அதே 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் உலவுகின்றனர் என்று வாட்ஸ்அப் வழியே பரவிய பொய், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியின் உயிரைக் குடித்தது. பொய்யைத் தடுக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தடுக்கும் முறைதான் கேள்வி. 2023 மார்ச்சில், வடநாட்டுத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுகின்றனர் என்று பொய்க் காணொளிகள் பரவின. தமிழகப் போலீசார் ஒவ்வொரு காணொளியும் எங்கே எடுக்கப்பட்டது என்று வெளிப்படையாக மறுத்தனர். பொய் பரப்பியோர்மீது வழக்கும் பதிந்தனர். பீகாரிலிருந்து வந்த குழு நேரில் பார்த்தது. எந்த மாவட்டத்தின் இணையத்தையும் நிறுத்தாமலே அச்சம் தணிந்தது.

பள்ளத்தாக்கில் ஒரு சோதனை

பிறர் வாய்க்கு இடும் பூட்டைக் கண்டிப்பது எளிது. நமக்குப் பிடிக்காதவன் வாய்க்கு இடும் பூட்டை என்ன செய்வோம்? அச்சோதனை நம் பள்ளத்தாக்குக்கு வந்ததுண்டு.

நம் மார்க்கையன்கோட்டையின் வயல்கள் முல்லைப் பெரியாற்று நீரால் விளைபவை. கம்பம் பள்ளத்தாக்கில் அந்நீரால் இருபோகம் காணும் நிலம் 14,707 ஏக்கர். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையை நம்பியே இங்கே ஏர் பூட்டப்படுகிறது. அந்த அணையை நினைவூட்டும் வகையில், அணை உடைந்து ஊர் அழிவதாகக் காட்டிய 'டேம் 999' என்னும் திரைப்படம் 2011-இல் வந்தது. தணிக்கைச் சான்று பெற்ற படம். தமிழக அரசு அவ்வாண்டு நவம்பரில் தடை செய்தது. பள்ளத்தாக்கில் தடைக்கு வரவேற்பே மிகுதி. 2021 அக்டோபரில், அணையை நீக்கவேண்டும் என்று கேரளத் திரைநடிகர் சிலர் இணையத்தில் எழுதியபொழுது, தேனியில் உருவப்படம் எரிந்தது.

சினத்துக்குக் காரணம் உண்டு. நீர் போனால் நெல் போகும். நெல் போனால் ஊர் போகும். ஆனால் எண்ணிப் பார்ப்போம். 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டம் எவ்வாறு உயர்ந்தது? படத்தைத் தடுத்ததாலா? உச்சநீதிமன்றம் நீதிபதி ஆனந்த் தலைமையில் குழு அமைத்தது. வல்லுநர்கள் அணையை ஆராய்ந்தனர். 2012-இல் அறிக்கை தந்தனர். 2014 மே 7-இல் தீர்ப்பு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது. படத்துக்கு இட்ட தடை ஓர் அங்குல நீரையும் உயர்த்தவில்லை. சான்றும் வாதமும் ஆறடி உயர்த்தின!

நம் பக்கம் உண்மை இருக்கிறது என்று நம்புகிறவனுக்கு மாற்றான் வாயை மூடத் தேவையில்லை. மறுமொழி சொல்ல மேடை போதும். இன்னொன்றும் உண்டு. இன்று அணையைப் பழிப்போர் பக்கத்தை இரகசிய ஆணையால் அடைக்கலாம் என்று நாம் ஒப்பினால், நாளை நீர் கேட்கும் நம் உழவர் பக்கத்தை, இரு மாநில ஒற்றுமைக்கு ஊறு என்று கூறி, அதே ஆணையால் அடைக்கலாம். 1963-இன் சொல் 2025-இல் யார்மீது பாய்ந்தது என்பதைப் பார்த்தோமே!

கேட்க வேண்டியது

வரலாறு நம்மிடம் விட்டுச்செல்லும் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, எந்தப் பக்கத்தை அடைத்தாலும், அடைத்த ஆணையும் காரணமும் எழுதியவர்க்குத் தரப்படவேண்டும். பொதுமக்கள் காண வெளியிடப்படவேண்டும். 1950-இல் கெஜட்டில் போட முடிந்ததை இன்று போட முடியாது என்பது ஏற்கத்தக்கதன்று. இரண்டாவது, குற்றமென்று கருதும் பகுதியை மட்டுமே தொடவேண்டும். ஒரு சித்திரத்திற்காக ஒரு தளத்தையும், ஒரு தெருவின் கலவரத்திற்காக மூன்று மாவட்டத்தையும் இருட்டாக்கலாகாது. மூன்றாவது, விசாரணை முன்னே, தடை பின்னே என்ற முறை வேண்டும். அவசரத்தில் அடைத்தால் சில நாளுக்குள் நீதிமன்றம் ஆராயவேண்டும்.

இம்மூன்றும் வானத்து நிலவைக் கேட்பதன்று. ஊராட்சிக் குடிநீர்க் குழாயை நிறுத்துவதற்கே அறிவிப்பு ஒட்டுகிறார்கள். அறிவை நிறுத்துவதற்கு ஓர் அறிவிப்பு வேண்டாவா?

தோழர்களே! பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் 1878-ஐ வரலாற்றுப் பாடமாக நடத்துகிறோம். லிட்டன் பிரபுவின் பெயரை அவர்கள் மனப்பாடம் செய்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர். பூட்டியவன் பெயர் தெரிந்திருப்பதால் அது பாடமாயிற்று. நம் காலத்துப் பூட்டுகளைப்பற்றி நாளைய பிள்ளைகள் படிக்கவேண்டுமானால், இன்று நாம் கேட்டாகவேண்டும். திறக்காத பக்கம் ஒன்றைக் கைப்பேசியில் காணும்போது, கோளாறு என்று எண்ணிக் கடந்து போகாதீர்கள். யார் ஆணை, எந்தச் சட்டம், என்ன காரணம் என்று எழுதிக் கேளுங்கள்; தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்; சட்டமன்ற, பாராளுமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். மறுப்பு வந்தால் அந்த மறுப்பையும் ஏட்டில் வெளியிடுங்கள். கேள்வி பெருகப் பெருக, பூட்டியவன் வெளிச்சத்துக்கு வந்தே தீரவேண்டும்.